மானியத்தோடு உதிரிபாக உறுதியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நலிந்த கார் நிறுவனங்களுக்கு அரசு மானியம் தருவது தவறில்லை. தரும் முறைதான் முக்கியம். ஆலை கட்டும்போதே மொத்தமாகக் கொடுத்துவிட்டால், நிறுவனம் வெளியேறும் நாளில் அரசுக்குப் பிடி இருக்காது. ஆஸ்திரேலியா பல்லாண்டுகள் மானியம் கொடுத்தும் டொயோட்டா, ஹோல்டன் ஆலைகள் 2017 அக்டோபரில் மூடப்பட்டன. மறைமலைநகரில் ஃபோர்டு உற்பத்தியும் 2022-இல் நின்றது. நிறுவனம் செலுத்திய மாநில ஜிஎஸ்டிக்கு ஏற்ப மானியத்தை ஆண்டுதோறும் திருப்பித் தருவதே பாதுகாப்பு.

அதிலும் ஒரு பகுதியை உதிரிபாகத்துக்கென நிறுத்திவைக்க வேண்டும். ஆலை நின்றால் கும்பகோணம், மன்னார்குடி பட்டறைகள் வரை பாதிப்பு வரும். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், ஃபில்டர் எல்லாம் வெளிச்சந்தையில் கிடைத்துவிடும். எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட், வயரிங் செட் அப்படியல்ல. அந்தந்த மாடலுக்கே உரியவை, வேறொன்றை மாட்டினால் வண்டி சரியாக இயங்காது. வேதாரண்யம், நாகை கடலோரத்தில் உப்புக் காற்று பட்டு வயரிங் கனெக்டர்கள் பச்சை பூத்துப்போவது வழக்கம். பாகம் கிடைக்காவிட்டால் நல்ல எஞ்சினுள்ள வாடகைக் காரும் காயலான் கடைக்குத்தான் போகும், பாவம், கடன் தவணை மட்டும் நிற்காது.

கடைசி வண்டி விற்றபின் 10 ஆண்டுகள் பாகங்கள் கிடைக்கும் என்ற உறுதியை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மூடுவதானால் பாகங்களைச் செய்யும் டை, அச்சுகளை இங்குள்ள சிறுதொழில் கூடங்களிடம் ஒப்படைத்த பிறகே நிறுத்திவைத்த தொகையை விடுவிக்கலாம்.

மோட்டார் பட்டறைத் தொழிலாளர்கள்,
கும்பகோணம்.