பாரிஸ் பிஸ்ட்ரோவில் அடுப்புக் கணக்கும் பில் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பயண இணைப்பில் பாரிஸ் பற்றி வந்த கட்டுரை, நண்பர்களாகச் சேர்ந்து போகிறவர்களுக்கு மூன்று யோசனைகள் சொல்லியிருந்தது: பசித்த நேரத்தில் ஏதாவது ஒரு பிஸ்ட்ரோவுக்குள், அதாவது சிறிய பிரெஞ்சு உணவகத்துக்குள், நுழையுங்கள், நாலைந்து தட்டு வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள், பில்லோடு 15 சதவீதம் டிப்ஸ் வையுங்கள். மூன்றுமே அங்கே செல்லாது. அப்படிப் போய்ச் சாப்பிட்டவர்கள்தான் ஊர் திரும்பி, பிரெஞ்சு சர்வர்களுக்குத் திமிர் என்கிறார்கள்.

பிஸ்ட்ரோவில் அடுப்பு நாள் முழுக்க எரிவதில்லை. மதியம் 12 முதல் 2 வரை, இரவு 7 அல்லது 7.30 முதல் 10 வரை, அவ்வளவுதான். இடைப்பட்ட நேரத்தில் கதவு திறந்திருந்தால் காபி கிடைக்கும், வைன் கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. மூன்று மணிக்குப் பசித்தால் 'செர்வீஸ் கோன்தினு' (இடைவேளையில்லாத சேவை) என்று எழுதிவைத்திருக்கும் பிரசெரி என்னும் பெரிய உணவகத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் 1896இல் தொடங்கிய பூய்யோன் ஷார்த்தியே என்ற உணவகம் இருக்கிறது. இடைவேளையில்லாமல் நள்ளிரவு வரை நடக்கும், விலையும் குறைவு. மேசை விரிப்புக் காகிதத்திலேயே கணக்கெழுதிக் கூட்டித் தருவார்கள். வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும்.

பங்கிட்டுச் சாப்பிடுவது பற்றி. பிஸ்ட்ரோவின் தட்டு ஓர் ஆளுக்கு என்று அளந்து வைப்பது: இறைச்சி, அதன் சாறு, பக்கத்தில் உருளைக்கிழங்கோ காயோ. 'ஃபார்முல்' என்பதும் ஆளுக்கு ஒன்றுதான். முதல் தட்டும் பிரதான தட்டும், அல்லது பிரதான தட்டும் இனிப்பும் சேர்ந்தது அது. பெரும்பாலும் வாரநாள் மதியத்தில் மட்டும் கிடைக்கும். பாரிஸில் 18 முதல் 25 யூரோவுக்குள் முடியும். ஒரு ஃபார்முலை இருவர் பிரித்துக்கொள்ள விடமாட்டார்கள். நடுவில் வைத்து எல்லோரும் எடுக்க வேண்டுமென்றால் சீஸ் பலகை கேட்கலாம், பதப்படுத்திய இறைச்சித் துண்டுகள் வைத்த ஷார்கூத்ரி பலகை கேட்கலாம். பின்னதில் பன்றியிறைச்சிதான் அதிகம்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மேசையில் எல்லோரும் முதல் தட்டை முடித்த பிறகுதான் சர்வர் அடுத்ததை அனுப்பச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பார். ஆறு பேரில் ஒருவர் மட்டும் முதல் தட்டு வாங்கினால் மற்ற ஐவரும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். எல்லோரும் வாங்குங்கள், அல்லது யாருமே வாங்காதீர்கள்.

நன்றாக வெந்த இறைச்சிதான் இறங்கும் என்பவர்கள் அங்கே ஸ்டேக் கேட்கவே கூடாது. பிஸ்ட்ரோ ஸ்டேக் பெரும்பாலும் 'பாவெத்' அல்லது 'ஓங்லே' என்னும் துண்டு. நார் நீளமானது, சுவை அதிகம். ஆனால் உள்ளே சிவப்பு போகும்வரை வாட்டினால் தோலை மெல்லுவதுபோல் ஆகிவிடும். 'ஆ புவான்', அதாவது மிதமாக வெந்தது, என்று கேட்டாலும் நடுவில் இளஞ்சிவப்பாகத்தான் வரும். 'பியான் குய்' என்றால் முழுக்க வேகவைப்பார்கள். இவர்களுக்கு ஏற்றவை மணிக்கணக்கில் வெந்தவை: கொழுப்பில் மெதுவாக வெந்த வாத்துக்காலான கோன்ஃபி, வைனில் வேகவைத்த மாட்டிறைச்சியான பூர்கினியோன், வெள்ளைக் குழம்பில் வரும் கன்றிறைச்சியான பிளான்கெத். 'தார்தார்' என்பது பச்சை மாட்டிறைச்சி, 'அந்துய்யெத்' என்பது பன்றிக்குடல். வாசனை மேசையைத் தாண்டும். பிரெஞ்சில் அரிசிக்கும் 'ரீ' என்றே ஒலி என்பதால், 'ரீ த வோ' என்பதைக் கேட்டுச் சோறு என்று நினைத்துவிட வேண்டாம், அது கன்றின் தைமஸ் சுரப்பி. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, கோழி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதிவைப்பது கட்டாயம் என்பதால் அந்தப் பலகையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

சைவர்கள் பாடுதான் சிரமம், கட்டுரையோ அதைத் தொடவே இல்லை. வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. பருப்பு சாலட்டிலும் லியோன் சாலட்டிலும் 'லார்தோன்' என்னும் பன்றித்துண்டுகள் கிடக்கும். நீஸ் சாலட்டில் மீன். கோந்தே, ரோக்ஃபோர் போன்ற பழைய சீஸ்களில் பால் உறையக் கன்றின் வயிற்றுச்சாறு சேர்ப்பார்கள். சைவ உணவுக்காரர் என்று சொன்னால் சர்வர் மீனைக் காட்டுவதும் உண்டு. "இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். லீக் வினேக்ரெத் (புளிப்புச் சாறு ஊற்றிய லீக் தண்டு), கிரீமில் வெந்த உருளைக்கிழங்கான கிராத்தேன் தோஃபினுவா, சீஸில் சேரும் அந்த வயிற்றுச்சாறு பரவாயில்லை என்றால் சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட் ஆகியவை பொதுவாகக் கைகொடுக்கும். முட்டை சாப்பிடுவார்கள் என்றால் மாயோனைஸோடு வரும் அவித்த முட்டையான 'எஃப் மாயோ' பல இடங்களில் உண்டு. பாரிஸ் உணவகங்களின் அடுப்படியில் ஈழத்தமிழர் பலர் வேலை செய்கிறார்கள் என்பது உண்மைதான். அதை நம்பி மதியம் ஒரு மணி நெரிசலில் தயிர்சாதம் கேட்காதீர்கள்.

இனி பணம். மெனுவில் போட்டிருக்கும் விலைக்குள் வரியும் சேவைக்கட்டணமும் அடக்கம். அது அங்கே சட்டம். டிப்ஸ் உங்கள் விருப்பம். சேவை பிடித்திருந்தால் மேசையில் ஓரிரு யூரோ வைத்தால் போதும், வைக்காவிட்டாலும் யாரும் முறைக்கமாட்டார்கள். கார்டு இயந்திரம் இப்போதெல்லாம் சுற்றுலாப் பகுதிகளில் 10, 15 சதவீதம் என்று பொத்தான் காட்டும். கூச்சப்படாமல் வேண்டாம் என்பதை அழுத்தலாம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வரும், பில்லில் ஏறும். 'யூன் காராஃப் தோ' (ஒரு குடுவை தண்ணீர்) என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர்தான், இலவசம். சாப்பாட்டோடு வரும் ரொட்டியும் அப்படியே. நான்கு பேர் ஆளுக்கொரு கிளாஸ் வைன் குடிப்பதென்றால் அரை லிட்டர் 'பிஷே', அதாவது குடுவை, போதும். கிளாஸ் கிளாஸாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு.

பில் தானாக வராது. சாப்பிட்டவரை எழுப்புவது மரியாதையில்லை என்பதால் அவர்கள் கொண்டுவருவதில்லை, நாம் கேட்க வேண்டும். கணக்கு மேசை எண்ணில்தான் பதிவாகும், ஆள்வாரியாக அல்ல. எனவே யார் எதைச் சாப்பிட்டார் என்று பிரித்துக் கேட்டால் நெரிசலில் முகம் சுளிப்பார்கள். சமமாகப் பிரித்து நாலு கார்டில் எடுத்துக்கொள்ளச் சொன்னால் மறுப்பது அரிது.

நான்கு பேருக்கு மேல் என்றால் முன்பதிவு செய்யுங்கள். சைவர்கள் எத்தனை பேர் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஞாயிறு, திங்கள் பல கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்டில் வாரக்கணக்கில் விடுமுறை விடுகிறவர்களும் உண்டு என்பதால் விமான டிக்கெட் எடுக்கும்போதே இதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
பாரிஸிலிருந்து ஒரு வாசகர்