செயலாளரின் ஆண்டறிக்கை – 2024: மண்தடத்துக்குப் புதிதாக வருவோர்

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, உறுப்பினர்களே, பிள்ளைகளுடன் இம்முறை முதன்முதலாக வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

நமது மண்தட மோட்டார் சைக்கிள் ஓட்டச் சங்கத்தின் சென்ற பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், இரண்டு கிழமை ஓடுகிறார்கள், பிறகு ஆளையே காணவில்லை, ஏன்?” என்று கேட்டார். நிர்வாக சபையின் இவ்வாண்டு வேலை பெரும்பாலும் அந்தக் கேள்வியோடுதான் கழிந்தது. ஆகவே அறிக்கையிலும் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். கூட்ட விவரங்கள் குறிப்பேட்டில் உள்ளன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

புதிதாக வருபவருடன் எவரும் பேசுவதில்லை என்பதே காரணம். பெயரைப் பதிந்து, தலைக்கவசத்தைத் தட்டிப் பார்த்து, “ஓடு தம்பி” என்று விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. தார் வீதியில் ஓடிப் பழகிய பிள்ளை முதல் வளைவிலேயே முன் பிரேக்கைப் பிடிப்பான். மண்ணில் முன்சக்கரம் வழுக்கினால் மீட்க நேரம் இராது, விழுவான். எழுந்து வரும்போது நாலு பேர் சிரிப்பார்கள். அடுத்த கிழமை அவன் எதற்கு வரப்போகிறான்?

ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் மோட்டார் ஓட்டத்தில் கார் ஒன்று தடத்தை விட்டுப் பாய்ந்து, பார்வையாளர்களும் தட உதவியாளர்களுமாக 7 பேர் உயிரிழந்தார்கள். எட்டு வயதுச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. அதன் பின் கூடிய நிர்வாக சபை, புதியவர் என்ற கணக்கில் பார்க்க வருபவரையும் சேர்த்துக்கொண்டது. மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. திடலோரத்தில் முட்டிக்கொண்டு நிற்பதில்தான் சுவை என்று நினைக்கும் பெரியவர்களை அப்பால் நகர்த்துவது இலேசான வேலையல்ல. இப்போது வளைவுகளின் வெளிப்பக்கத்தில் ஒருவருக்கும் இடமில்லை. மோட்டார் சைக்கிள் தடம் புரண்டால் வெளிப்பக்கமாகத்தான் போகும் என்பதை வாயிலிலேயே சொல்லி அனுப்புகிறோம். முறைத்தவர்கள் உண்டு. பார்வையாளருக்குக் கட்டிய எல்லைக் கயிற்றை ஓரடிகூட உள்ளே தள்ளவில்லை.

ஓட வருபவர்களுக்கு வைகாசியில் ஒரு விதி கொண்டுவந்தோம். முதல் நாளில் மோட்டார் சைக்கிள் கிடையாது. அனுபவமுள்ள ஒருவருடன் வளைவில் நின்று கொடி பிடிக்க வேண்டும். “பிள்ளை கொடி பிடிக்கவா வந்தான்?” என்று கூட்டத்தில் சூடான விவாதம் நடந்தது. விதி சிறு பெரும்பான்மையில்தான் நிறைவேறியது. என் வாக்கு விதியின் பக்கமே, இன்றும் அப்படித்தான்.

மஞ்சள் கொடி ஆடினால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு ஆடினால் ஓட்டம் நின்றது. நீலம் காட்டினால், உங்களை ஒரு சுற்று முந்தப்போகிறவர் பின்னால் வருகிறார், வழிவிட வேண்டும். கறுப்பு உங்களுக்கென்று காட்டப்பட்டால் தடத்தை விட்டு வெளியேற வேண்டும். இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் பாடமாக்கிவிடுவார்கள். ஆனி மாதப் பயிற்சியில் ஒரு பிள்ளை மஞ்சள் கொடியைக் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டு கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் கண்முன்னே ஒருவர் சறுக்கி விழுந்தார். கைப்பேசியைப் பைக்குள் வைப்பதா, கொடியை விரிப்பதா என்று அவன் தடுமாறி முடிப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் அதே வேகத்தில் அவ்விடத்தைக் கடந்துவிட்டார்கள். நல்லகாலம், விழுந்தவர் உள்பக்கம் உருண்டிருந்தார். பிள்ளையின் முகம் வெளிறிப்போயிற்று. அன்று மாலை எவரும் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. கொடி பிடிப்பவரின் கைப்பேசி இப்போது பதிவு மேசையில்தான் இருக்கும்.

கொடி நாளோடு திரும்பி வராதவர்கள் சிலர். அவர்களை இழந்ததை நான் நட்டக் கணக்கில் எழுதவில்லை.

அடுத்த பாடம் மண். ஓடுவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தடத்தை ஒருமுறை வெறுங்காலுடன் நடந்து சுற்றச் சொல்கிறோம். வலிகாமத்துச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடப்பது. தண்ணீரைத் தேக்கி வைக்காது, கீழே விட்டுவிடும். விடியற்காலையில் தண்ணீர்ப் பவுசரால் நனைத்து உருளை ஓட்டினால் எட்டு மணிக்குச் சக்கரம் நன்றாகப் பிடிக்கும். வெயில் ஏறினால் மேற்பரப்பு வழுவழுத்துவிடும். எல்லோரும் ஓடும் கோட்டில் ரயரின் றப்பர் படிந்து கருத்த பட்டையொன்று தெரியும்; அதில் பிடிப்பு இருக்கும், ஒரு சாண் விலகினால் இராது. சக்கரங்கள் எற்றிய மண் வெளிவிளிம்பில் வரம்பு கட்டும். கைதேர்ந்தவர் பின்சக்கரத்தை அந்த வரம்பில் சாத்திக்கொண்டு வேகம் குறையாமல் வருவார். புதியவர் அதைப் பார்த்துச் செய்யப்போனால் அவரை வரம்புக்கு அப்பால்தான் தூக்கி எடுக்க வேண்டும். வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறிய பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொன்னவுடன் விளங்குகிறது. பட்டணத்துப் பிள்ளைகள் இரண்டு முறை விழ வேண்டியிருக்கிறது.

ஓட்டம் இடஞ்சுழியாகவே நடக்கும். இடப்பக்கம் வளைய, பின்சக்கரத்தை வெளியே சறுக்கவிட்டுக் கைபிடியை வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்றால் முதலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இடக்கால் தரையை உரசிக்கொண்டே போவதால் அதற்கு இரும்புத் தகட்டுப் பாதம் வேண்டும். இறக்குமதிச் சரக்கு நமக்குக் கட்டாது. கராஜ் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் தகட்டை வெட்டி, சப்பாத்தின் வடிவுக்கு வளைத்து, தோல்பட்டி பூட்டித் தருகிறார். நுனியை மேல்நோக்கி வளைத்துத் தேய்க்காவிட்டால் அது மண்ணில் குத்தி முழங்காலை முறுக்கிவிடும். சொந்தமாகச் செய்துகொண்டு வருபவர்கள் அவரிடம் ஒருமுறை காட்டிய பின்னரே தடத்தில் இறங்கலாம்.

2020 முதல் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்கூட இவ்வாண்டு யானை விலை விற்றது. வீட்டுக்கு இருக்கும் ஒரே மோட்டார் சைக்கிளை, தகப்பன் வேலைக்குக் கொண்டுபோவதை, இங்கே கொண்டுவந்து உடைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். சங்கத்தின் பயிற்சி மோட்டார் சைக்கிள் இருக்கிறது. விளக்கு, பக்கக் கண்ணாடி, நிறுத்தும் கால் யாவும் கழற்றி, விழுந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும்படி மணிக்கட்டில் கட்டும் கயிறும் பூட்டியாயிற்று.

நாட்டின் பெயர்பெற்ற மண்தடங்களில் தியத்தலாவை, சாலியபுர ஆகிய இரண்டும் இராணுவ வளாகங்களில் இருப்பவை. வடக்குப் பிள்ளைகள் இவ்விளையாட்டைப் பெரும்பாலும் கைப்பேசித் திரையில் கண்டே வருவதன் காரணத்தை இங்கே விரிக்கத் தேவையில்லை. திரையில் தெரிவது பாய்ச்சல் மட்டும். அதைப் பார்த்துவிட்டு ஆளில்லாத பற்றைக்காட்டில் ஓடிப் பழகப் புறப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போர் முன்னரங்காக இருந்த முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. அகற்றப்பட்டதென்று அதிகாரிகள் உறுதிசெய்யாத நிலத்தில் எவரும் சக்கரம் வைக்கக் கூடாது. நமது திடலைப் பொறுத்தவரை அந்த உறுதி கிடைத்த பின்னரே குத்தகை எழுதினோம்.

தண்ணீர் விடயத்தில் அயலவரின் முறைப்பாடு நியாயமானது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் பெரும்பாலோருக்குக் கிணறுதான் கதி. ஆடி, ஆவணியில் தோட்டக் கிணறு வற்றும்போது நாம் புழுதி அடக்கத் தண்ணீர் இறைப்பது சரியல்ல. அவ்விரு மாதங்களிலும் பயிற்சியை நிறுத்த நிர்வாக சபை பரிந்துரைக்கிறது. இன்று வாக்கெடுப்புக்கு வரும். நவம்பர் இறுதியில் குடாநாட்டை வெள்ளக்காடாக்கிய மழையில் தடத்தின் கிழக்கு வளைவு அரித்துப் போயிற்று. மண் இறுகும் வரை அங்கே ஓட்டமில்லை.

பெண் பிள்ளைகள் சிலர் பெயர் தந்திருக்கிறார்கள். உடை மாற்ற ஓர் அறை கட்டாமல் அவர்களை வரச் சொல்வது முறையல்ல என்பதால், புலம்பெயர்ந்த உறவினர்கள் அனுப்பிய நன்கொடை கேடயங்களுக்கு முன் அந்த அறைக்கே செலவாகும்.

முதலுதவிப் பயிற்சி தை மாதம் தொடங்குகிறது. பெயர் தராதவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வந்து பதியவும். பழைய உறுப்பினர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்