தாத்தாவுக்கு நீ செய்த வாழ்த்து அட்டை குறித்து

அன்புள்ள மகளுக்கு,

தாத்தாவின் எண்பதாம் பிறந்தநாளுக்கு நீ உன் கையால் செய்து அனுப்பிய வாழ்த்து அட்டை சென்ற வாரம் வந்து சேர்ந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார், பிறகு பொன்னிறத்தில் எழும்பி நின்ற எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "இதை எந்த அச்சகத்தில் கொடுத்து அடித்தாள்?" என்று கேட்டார். ஆகவே உனக்குரிய பாராட்டை அவரிடமே வாங்கிக்கொள். நீ என்னிடம் கேட்டிருந்தது வேறு. பழங்காலத் தோற்றம் வேண்டும் என்று எவ்வளவு முயன்றாலும் அட்டை பழையதாகத் தெரியாமல் அழுக்காகத் தெரிகிறதே, அது ஏன் என்பது உன் கேள்வி.

குறை உன் மையிலும் இல்லை, உருவைப் பதிக்கும் ரப்பர் ஸ்டாம்பிலும் இல்லை. அட்டை முழுவதும் ஒரே பழுப்பு நிறத்தை ஒரே அழுத்தத்தில் தேய்த்திருக்கிறாய். காகிதம் அவ்வாறு பழையதாவதில்லை. மரக்கூழில் செய்த மலிவான காகிதத்தில் லிக்னின் என்னும் பொருள் தங்கிவிடுகிறது, வெளிச்சமும் காற்றும் படப்பட அதுதான் முதலில் மஞ்சளித்துப் பின்னர் பழுப்பாகிறது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய புத்தகம் எதையாவது திறந்து பார்: காற்று நுழையும் மூன்று ஓரங்களும் கறுத்திருக்க, தையலை ஒட்டிய உட்பகுதி இன்னும் வெளுப்பாகவே இருக்கும். அந்த வரிசையை மாற்றாமல் நீயும் பின்பற்ற வேண்டும். ஸ்பாஞ்சில் மையைத் தொட்டு, அட்டைக்கு வெளியே கீழே விரித்த வீண்தாளில் தொடங்கி, சின்னச் சின்ன வட்டங்களாகத் தேய்த்தபடி ஓரத்துக்குள் வா. முதலில் வெளிர்நிறம், அது முழுவதும் படிந்த பிறகு விளிம்பில் மட்டும் அடர்நிறம். நீ வாங்கியிருக்கும், பழைய தோற்றம் தருவதற்கான டிஸ்ட்ரெஸ் மைகளிலேயே டீ டை என்ற நிறத்தை முதலுக்கும் வால்நட் ஸ்டெயினை விளிம்புக்கும் வைத்துக்கொண்டால் போதும். இந்த மை தண்ணீர் பட்டால் கலையக்கூடியது என்பதால், விரல் நுனியால் இரண்டு துளி நீரைத் தெளித்து, ஒரு நிமிடம் கழித்து டிஷ்யூ தாளால் ஒற்றியெடுத்தால் அந்த இடம் மட்டும் வெளுத்து, என்றோ ஒருநாள் மழைச்சாரல் பட்ட கடிதம் போலாகிவிடும். அட்டையின் நடுப்பகுதியைத் தொடாதே.

தாத்தாவின் அலமாரியில் இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை அடுத்த முறை வரும்போது எடுத்துப் பார். நான்கு மூலைகளிலும் தடவிய மஞ்சள், இருட்டில் இருந்ததால் வெளுக்காமல், காகிதத்தோடு காகிதமாக ஊறிப் போயிருக்கிறது. உன் அட்டையின் மூலைகளில் நான் எதிர்பார்த்த நிறம் அதுதான். கடையில் விற்கும் எந்த மையிலும் எனக்கு இதுவரை அது கிடைக்கவில்லை.

எம்பாசிங் பற்றி, அதாவது ஈர மையின் மேல் பவுடரைத் தூவிச் சூட்டில் உருக்கி எழுத்தை எழும்பி நிற்கவைப்பது பற்றி, சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் உன் எழுத்துகளில் பாதி கண்ணாடி போலவும் மீதி மணல் போலவும் இருந்தன. பவுடர் ஒட்டுவதற்கு மை சற்று நேரம் ஈரமாக இருக்க வேண்டும். சாயம் கரைத்த சாதாரண டை மை பதித்த சில நொடிகளிலேயே காய்ந்துவிடும் என்பதால், நிறப்பொடி கலந்து மெதுவாகக் காயும் பிக்மென்ட் மையோ எம்பாசிங்கிற்கென்றே விற்கும் நிறமற்ற மையோதான் பயன்படும். பதிப்பதற்கு முன், சிறு துணியில் முடிந்த முகப்பவுடர்ப் பொட்டலத்தால் அட்டையை ஒருமுறை மெல்ல ஒற்றிவிடு. விரலின் எண்ணெய்ப்பசையும், காற்றின் ஈரமும், நிலைமின்சாரமும் பவுடரை வேண்டாத இடங்களில் பிடித்துவைக்காமல் இருக்க அது உதவும். கடற்கரைக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் இதைச் செய்யாமல் ஒரு அட்டைகூட முடிக்க முடியாது. கோயம்புத்தூரில் உனக்கு அவ்வளவு தொல்லை இராது.

பவுடரைத் தாராளமாகக் கொட்டி, மிச்சத்தை மடித்த தாளில் தட்டி மீண்டும் டப்பாவில் சேர்த்தபின், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை முதலில் வேறு பக்கம் திருப்பி நன்றாகச் சூடேறவிட்டு, பிறகு அட்டையிலிருந்து நாலைந்து விரற்கடை தள்ளிப் பிடி. பவுடர் உருகும் கணம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். மங்கலாக இருந்த கோடு திடீரென்று நீர்க்கோடு போல மினுங்கும். மினுங்கிய உடனே அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். தாமதித்தால் உருகியது காகிதத்துக்குள் இறங்கி, எழுச்சி போய், வடைச்சட்டிக்கு அருகில் வைத்த தாள் போல எண்ணெய்க்கறை மட்டும் மிஞ்சும். அவசரப்பட்டால் நீ கண்ட அந்த மணல்தான். தலைமுடி உலர்த்தும் கருவி இதற்கு ஆகவே ஆகாது. அதில் சூடு குறைவு, காற்று அதிகம். நான் முதன்முதலில் அதைக் கொண்டு முயன்றபோது பறந்த தங்கப்பொடி, எங்கள் ஜன்னல் வலையில் பொங்கல் வரை மினுங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் செய்து பார். உருக்குவதற்கு முன், உலர்ந்த மெல்லிய தூரிகையால் இரண்டு மூன்று இடங்களில் பவுடரை நீக்கிவிடு. பல கைகள் பட்டுத் தேய்ந்த பொன்பூச்சு போலவே வரும். எங்கும் விடாமல் பளபளக்கும் தங்கம் நேற்று வாங்கியது போலத்தான் இருக்கும்.

தாத்தா அச்சகம் என்று நினைத்ததும் முழுத் தவறில்லை. தடவினால் எழும்பித் தெரியும் எழுத்துகள் கொண்ட நம் கல்யாணப் பத்திரிகைகள் பலவற்றிலும் இதே வேலைதான் நடக்கிறது: ஈர மையின் மேல் பிசின்பொடியைத் தூவிச் சூட்டில் உருக்குகிறார்கள், தெர்மோகிராஃபி என்று அதற்குப் பெயர். வார்ப்புகளுக்கு இடையே காகிதத்தை அழுத்திப் புடைக்க வைப்பது இதற்கும் முந்தைய வேறொரு முறை. உன்னிடம் இருக்கும் எம்பாசிங் ஃபோல்டர் செய்வது அதைத்தான். அதில் இடுமுன் அட்டையின் பின்புறத்தை லேசாக ஈரப்படுத்தினால் மடிப்புகளில் வெடிக்காது.

இனி நான் சொல்லப்போவது உனக்குச் சற்று வருத்தம் தரலாம். ஈஃபில் கோபுரம், பற்சக்கரங்கள், தட்டச்சு இயந்திரம், ரோஜாக்கொத்து ஆகிய நான்கையும் ஒரே அட்டையில் பதித்திருக்கிறாய். இவை யாருடைய பழமை? "விண்டேஜ்" என்று எழுதிய ஸ்டாம்ப் தொகுப்பில் எல்லாம் சேர்ந்து வருகின்றன என்பதைத் தவிர இவற்றுக்குள் உறவில்லை. ஏதேனும் ஒரு காலத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் அட்டை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் பார்த்தால், அலங்காரம் தானாகவே குறையும். லண்டனில் 1843இல் ஹென்றி கோல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் அட்டையில் கோடுகளை மட்டும் கல்லச்சில் எடுத்து, வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள். நீயும் நீரில் கரையாத மையில் கோட்டைப் பதித்து, நீர்வண்ணத்தை அங்கங்கே கோட்டைத் தாண்டவிட்டால் அந்தச் சாயல் வரும். அமெரிக்காவின் வொர்செஸ்டர் நகரில் எஸ்தர் ஹவுலண்ட் 1840களின் இறுதியில் செய்யத் தொடங்கிய காதலர் அட்டைகளில், சரிகைபோல் துளையிட்ட வெண்காகிதத்தின் அடியில் சிறு வண்ணத்தாளை ஒட்டி, துளைகளின் வழியே நிறத்தைக் கசியவிட்டார். பொதிகளில் கட்டும் டேக்குகளின் துளையைச் சுற்றிக் காகித வளையம் ஒட்டும் வழக்கம் டென்னிசன் என்ற அமெரிக்கர் 1863இல் காப்புரிமை பெற்றதிலிருந்து வந்தது, கயிறு இழுத்துக் கிழியாமல் இருக்கத்தான் அந்த வளையம். நீ டேக்கில் துளையிட்டுச் சணல் கட்டியிருந்தாய், வளையத்தை விட்டுவிட்டாய். கட்டிய இடம் வழியிலேயே கிழிந்துவிட்டது.

தாத்தாவுக்கென்றால் எனக்குப் பொங்கல் வாழ்த்து அட்டைகள்தான் நினைவுக்கு வருகின்றன. கரும்பு, பானை, மாட்டுவண்டி என்று சற்றே தடம் விலகி அச்சான வண்ணங்களோடு நடைபாதைக் கடைகளில் கயிற்றில் தொங்கியவற்றை, மார்கழி முடிவதற்குள் அவர் கட்டுக்கட்டாக வாங்கி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி அனுப்புவார். அந்த விலகலை ஸ்டாம்பில் கொண்டுவர எளிய வழி உண்டு: அதே உருவை ஒரு நிறத்தில் பதித்து, காய்ந்தபின் அரை மில்லிமீட்டர் தள்ளி வேறு நிறத்தில் மீண்டும் பதிக்க வேண்டும். உருவை நீயே ரப்பர் அழிப்பானில் செதுக்கிக்கொள்ளலாம். கரும்புக்குக் கணுக்களை மட்டும் ஒழுங்காக வெட்டு, மற்றவை எப்படி இருந்தாலும் கரும்பு என்று தெரிந்துவிடும்.

கிழிந்த டேக்குக்கு வளையம் ஒட்டி மீண்டும் கட்டிவிட்டேன். என்னிடம் மீந்திருக்கும் மங்கலான செம்புநிறப் பவுடரைத் தனியே அனுப்புகிறேன். டப்பாவைத் திறக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடு.

அன்புடன்,
உன் சித்தி