ஏற்காட்டில் புதிய விடுதி, திருமண அரங்கு: மலைப்பாதை முழுவதற்கும் போக்குவரத்துக் கணக்கு எடுத்த பிறகே அனுமதி வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஒண்டிக்கடை சுற்றுவட்டாரக் குடியிருப்போர், வாடகை வாகன ஓட்டுநர்கள், சிறுவிடுதி நடத்துவோர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: ஏற்காட்டில் 90 அறை விடுதியும் 600 இருக்கை திருமண அரங்கும் கட்டுவதற்கான விண்ணப்பம் – போக்குவரத்து ஆய்வு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஒண்டிக்கடை ரவுண்டானாவைத் தாண்டி உள்கிராமங்களுக்குப் போகும் சாலையில், காபித் தோட்டமாக இருந்த ஒரு சரிவில் மேற்கண்ட கட்டடத்துக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். மொத்தக் கட்டுமானப் பரப்பு சுமார் 6,000 சதுர மீட்டர். விடுதியே வரக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சுற்றுலாப் பயணி வராவிட்டால் இந்த மனுவில் கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கட்டடத்தின் வாசலுக்கு முன்னால் உள்ள ஐம்பது மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுத் தடையின்மைச் சான்று கொடுத்துவிடாதீர்கள். அடிவாரம் முதல் அந்த வாசல்வரை உள்ள பாதை முழுவதையும் கணக்கில் எடுங்கள்.

முதலில் வாசலில் நடக்கப்போவது. 600 பேர் வரும் கல்யாணத்துக்கு, காருக்கு 4 பேர் என்று தாராளமாகவே வைத்தாலும், 150 கார் வரும். முகூர்த்தத்துக்கு முந்தைய முக்கால் மணி நேரத்தில்தான் பெரும்பாலும் எல்லாரும் வந்து சேர்வார்கள். வரைபடத்தில் காட்டியிருப்பது ஒரே நுழைவு, அதுவும் சாலையை ஒட்டியே. காவலாளி வண்டியை நிறுத்தி, எந்த வீட்டுக் கல்யாணம் என்று கேட்டு, டோக்கன் கொடுத்து உள்ளே விட ஒரு காருக்கு 30 நொடி ஆகிறது என்று கொள்ளுங்கள். 45 நிமிடத்தில் 90 கார் உள்ளே போகும். மீதி 60 கார் சாலையில் நிற்கும். ஒரு காருக்கு இடைவெளியோடு 6 மீட்டர் என்றால் 360 மீட்டர் வரிசை. ரவுண்டானாவிலிருந்து வாசலுக்கு 300 மீட்டர்தான். ஆக, வரிசையின் வால் ரவுண்டானாவுக்குள் விழும். அதன் பிறகு ஏரிப் பக்கமிருந்து வருபவரும், கடைத்தெருவுக்குப் போகிறவரும், உள்கிராமப் பேருந்தும் அந்த இடத்திலேயே சிக்கிக்கொள்வார்கள்.

அந்தச் சாலையில் தார் போட்ட அகலம் ஐந்தரை மீட்டர். ஓரத்தில் ஒரு கார் நின்றால் கண்ணாடியோடு சேர்த்து 2 மீட்டர் போய்விடும். மீதி மூன்றரை மீட்டரில் ஒரு பேருந்து போகலாம், எதிரே ஆட்டோகூட வர முடியாது. மழைநீர் ஓடும் ஓரக் கால்வாயின் மேல் சக்கரத்தை ஏற்றி ஒதுங்கிக்கொள்வதுதான் இங்கே வழக்கம். அப்படி ஒதுங்கி ஒதுங்கித்தான் கால்வாயின் மேல்விளிம்பு உடைகிறது. உடைந்த கல் கால்வாய்க்குள் விழுந்து அடைத்துக்கொள்கிறது, அடுத்த மழையில் தண்ணீர் தாரின் மேலேயே ஓடுகிறது. சாலை கெட்டுப்போவதற்கு மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வாகனம் நிறுத்த வரைபடத்தில் 60 கார்களுக்கு இடம் காட்டியிருக்கிறார்கள். நிறுத்தவும் திருப்பவும் சேர்த்து ஒரு காருக்கு 25 சதுர மீட்டராவது வேண்டும். 150 காருக்கு 3,750 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒரு ஏக்கர். சரிவான நிலத்தில் ஒரு ஏக்கரைச் சமப்படுத்துவதென்றால் மேல்பக்கம் வெட்டி, கீழ்ப்பக்கம் கொட்டி, தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். அதைச் செய்யாமல் 60 காருக்கு மட்டும் இடம் விட்டால் மீதி 90 கார் எங்கே நிற்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. வெட்டினால் மண் சரியும் அபாயம், வெட்டாவிட்டால் சாலை அடைப்பு. இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது விண்ணப்பத்தில் இல்லை.

இனி மலைப்பாதை. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) மலைச் சாலைகளுக்கென வெளியிட்ட ஐ.ஆர்.சி. 52 விதிநூல், இருவழிச் சாலையின் கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. திருப்பத்தின் நடுவில் அகலம் 11.5 மீட்டர் வேண்டும், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில் குறைந்தது 60 மீட்டர் வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த 60 மீட்டரைக் கவனியுங்கள். அதில் 10 கார் நிற்கும். பதினோராவது கார் கீழ் வளைவின் வாயில் நிற்கும். அத்தோடு இரண்டு வளைவும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும்.

அந்தப் பூட்டு எப்படி விழுகிறது என்றால், மேலே ஏறும் பேருந்து உள்ளே மடங்கித் திரும்ப முடியாது. வெளிவிளிம்புவரை போய், முகத்தைத் தடுப்புச் சுவரருகே கொண்டுபோய்த்தான் திருப்ப வேண்டும். எதிரே இறங்கும் கார் அவசரத்தில் வளைவுக்குள் பாதி நுழைந்து நின்றிருந்தால் பேருந்தின் பின்பகுதி திரும்ப இடமிருக்காது. கார் பின்னால் போகலாம் என்றால் அதன் பின்னால் ஒன்றையொன்று ஒட்டிப் பத்து வண்டி. கடைசி வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்தால்தான் முதல் வண்டி நகரும். சாலையின் அகலம் போதாத இடத்தில் இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச் சாலை விதி. சமவெளியிலிருந்து வரும் பலருக்கு அது தெரிவதில்லை. நடத்துநர் கீழே இறங்கி ‘வரட்டும்... வரட்டும்’ என்று கத்திக் கத்தித்தான் பாதி நெரிசல் கலைகிறது.

நெரிசலில் இறங்கும் வண்டிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓட்டம் சீராக இருந்தால் இரண்டாம் கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கிவிடலாம். நின்று நின்று நகரும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருக்க நேர்கிறது. லைனிங் சூடேறி, எண்ணெய் கொதித்து, மிதித்தால் பெடல் பஞ்சாக உள்ளே போகும். ஏறும் வண்டிக்கோ கிளட்ச் கருகும். கிளட்ச் போன ஒரே வேன் வளைவில் நின்றுவிட்டால் மீட்பு வண்டி கீழிருந்துதான் வர வேண்டும், அந்த வண்டியும் இதே நெரிசலுக்குள்தான் ஏற வேண்டும். 2024 ஏப்ரல் 30 அன்று இந்த மலைப்பாதையில் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போனதை மாவட்ட நிர்வாகம் மறந்திருக்காது. அந்த விபத்துக்கு நெரிசல்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. காயம்பட்டவர்களைச் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததும் இதே பாதையில்தான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். பிரசவ வலி வந்த பெண்ணுக்கும் நெஞ்சுவலிக்காரருக்கும் அதே பாதைதான், சேலம்வரை சுமார் 30 கிலோமீட்டர்.

மலைக்கு ஏறி இறங்க குப்பனூர், கொட்டச்சேடு வழியாக இன்னொரு சாலை இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது. மே மாதக் கோடை விழாவுக்கு அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி காவல்துறை ஒருவழிப் பாதை போடுகிறது, அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் அது சில நாள் ஏற்பாடு, அதற்குக் காவலர்கள் வேண்டும், அறிவிப்பு வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு யார் ஒருவழிப் பாதை போடுவார்கள்? முகூர்த்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் என்ன ஆகும், சேர்வராயன் கோயில் திருவிழாவோடு வந்தால் என்ன ஆகும்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையை மூட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்களுக்கு மாற்றுப் பாதையை மிச்சம் வைத்திருக்க வேண்டும். அதையும் அன்றாட நெரிசலுக்கே செலவழித்துவிடக் கூடாது.

பாதை எவ்வளவு தாங்கும் என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. சாலைத் தாங்குதிறனுக்கான ஐ.ஆர்.சி. 64-இன்படி, கிலோமீட்டருக்கு 200 பாகைக்கு மேல் வளையும் மலைச் சாலை இருவழி அகலம் கொண்டதானால் நாளொன்றுக்கு 5,000 கார் அலகு (எல்லா வண்டியையும் காராக மாற்றி எண்ணும் அளவு) தாங்கும், ஐந்தரை மீட்டர் அகலமானால் 4,500. கார் 1, பைக் 0.5, பேருந்தும் லாரியும் 3 அலகு. வளைவுக்கு 180 பாகை என்றால் இருபது கொண்டை ஊசிகள் மட்டுமே 3,600 பாகை. சுமார் 20 கிலோமீட்டருக்கு அதைப் பிரித்தால் 180. மற்ற வளைவுகளையும் சேர்த்தால் 200-ஐத் தாண்டிவிடும். ஆகவே இது அதிக வளைவுள்ள வகைதான், சமவெளிச் சாலையின் தாங்குதிறனை இதற்குப் பொருத்தக் கூடாது.

கட்டுமானக் காலமும் தனியாகப் பார்க்க வேண்டியது. சதுர மீட்டருக்கு 0.4 கன மீட்டர் கான்கிரீட் என்ற தோராயக் கணக்கில் 6,000 சதுர மீட்டருக்கு 2,400 கன மீட்டர், எடையில் 5,760 டன். 10 டன் டிப்பரில் 576 லோடு. காலி வண்டி இறங்குவதையும் சேர்த்தால் 1,152 நடை. இது கான்கிரீட் மட்டும். செங்கல், கம்பி, டைல்ஸ், வெட்டிய மண் எல்லாம் வேறு. 12 மீட்டர் கம்பியை மடித்து 6 மீட்டராக்காமல் நீட்டமாகவே ஏற்றி வரும் லாரி வளைவில் என்ன செய்யும் என்பதை அடிவாரச் சோதனைச் சாவடியில் கேட்டாலே தெரியும். கட்டி முடித்த பிறகு தண்ணீர் லாரி. படுக்கைக்கு 180 லிட்டர் என்ற இந்தியத் தர நிர்ணயக் கணக்கில், 90 அறையில் 180 பேருக்கு நாளொன்றுக்கு 32,400 லிட்டர். 6,000 லிட்டர் லாரியில் ஆறு நடை, அரங்குக்கு வேண்டியது தனி.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006, 20,000 சதுர மீட்டரிலிருந்துதான் கட்டடங்களுக்கு முன் அனுமதி கேட்கிறது. 6,000 சதுர மீட்டர் அதற்குள் வராது. சமவெளியில் இது நடுத்தரக் கட்டடம். இங்கே இதுவே பெரியது. 1990 முதல் மலைப்பகுதிகளுக்கென இருக்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஆய்வில் வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகளின் கருத்தைக் கேட்பது வழக்கம். மண்ணுக்கும் நீரோட்டத்துக்கும் கேட்கும் அந்தத் தாள்களோடு போக்குவரத்துக்கும் ஒரு தாள் வேண்டும் என்பதுதான் நாங்கள் கேட்பது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2025 ஏப்ரல் முதல் ஜூன்வரை வாகன எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் வரம்பு போட்டது. ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நெரிசல் முற்றி நீதிமன்றம் எண் சொல்லும் நிலைவரை ஏற்காட்டையும் கொண்டுபோக வேண்டாம்.

எனவே, அனுமதி குறித்து முடிவெடுக்கும் முன் அடிவாரம், ஒண்டிக்கடை, குப்பனூர் ஆகிய மூன்று இடங்களிலும் தொடர்ந்து 7 நாள், 24 மணி நேர வாகனக் கணக்கெடுப்பை நெடுஞ்சாலைத் துறை நடத்த உத்தரவிட வேண்டுகிறோம். ஒருமுறை மே மாதத்தில், ஒருமுறை சாதாரண வாரத்தில். செவ்வாய்க்கிழமை மத்தியானம் எண்ணிவிட்டு ‘சாலை காலியாகத்தான் இருக்கிறது’ என்று அறிக்கை எழுதும் வேலை வேண்டாம். சனி காலை ஏறும் நேரமும் ஞாயிறு மாலை இறங்கும் நேரமும் தனித்தனியே பதிவாக வேண்டும். அந்த எண்ணிக்கையோடு இந்தத் திட்டத்தின் வண்டிகளையும் கூட்டி, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் வைத்து முடிவு செய்யுங்கள்.

அதன் பிறகும் அனுமதி தருவதானால், சில நிபந்தனைகளை எழுத்தில் சேர்க்க வேண்டும். வாசல் கேட்டைச் சாலையோரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்து, கேட்டுக்கு முன்பாகவே விடுதியின் சொந்த நிலத்தில் 60 கார் வரிசையாக நிற்க இடம் இருக்க வேண்டும். அதற்கு ஒற்றை வரிசையானால் 360 மீட்டர், இரட்டையானால் 180 மீட்டர். நுழைவும் வெளியேற்றமும் தனித்தனியாக இருக்க வேண்டும். அரங்கின் இருக்கை எண்ணிக்கையை உள்ளே உண்மையில் நிறுத்த முடிகிற கார்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். 60 காருக்குத்தான் இடம் என்றால் 240 இருக்கை. விருந்தினரை அடிவாரத்திலிருந்து வேனில் ஏற்றிவர விடுதியே ஏற்பாடு செய்வதானால் கூடுதலாக யோசிக்கலாம். கட்டுமான லாரிகள் வெள்ளி மாலை முதல் திங்கள் காலைவரையும், பள்ளி நேரத்திலும், மழை எச்சரிக்கை நாட்களிலும் மலையேறக் கூடாது. கோடை விழா நாட்களிலும் சேர்வராயன் கோயில் திருவிழாவிலும் அரங்கை வாடகைக்கு விடக் கூடாது. கடைசி நிபந்தனை விடுதிக்காரருக்குக் கசக்கும், தெரியும். ஆனால் அதைத் தளர்த்தினால் மற்ற எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும்.

வரைபடத்தின் நகலும் சாலைத் துறைக்கு அனுப்பிய கடிதமும் பொதுமக்கள் பார்வைக்கு ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். தாங்களோ தங்கள் பிரதிநிதியோ தளத்தைப் பார்வையிட வரும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு வந்து, 6 மணிக்கு அடிவாரம் வழியாகக் காரிலேயே இறங்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வாசல் பகுதியை நாடா பிடித்து அளந்து காட்ட நாங்கள் அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒண்டிக்கடை சுற்றுவட்டாரப் பொதுமக்கள்

இணைப்பு: வாசல், ரவுண்டானா இடைவெளியைக் காட்டும் கைவரைபடம், கையெழுத்துப் பட்டியல்.

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், சேலம், கோட்டப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை, சேலம், நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகம், சேலம், வட்டாட்சியர், ஏற்காடு.