'ரிப்ளை' அழுத்தினால் யாருக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு கடிதப் பகுதியில் ஒரு வாசகர், மின்னஞ்சல் குழுக்களில் ஆளாளுக்கு 'நன்றி' அனுப்பி எல்லாருடைய பெட்டியையும் நிரப்புகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தார். இளையவர்களுக்கு நாகரிகம் போதவில்லை என்பது அவர் முடிவு. எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. அந்த நன்றிகளில் பலவும் ஒருவருக்கு மட்டும் போவதாக நினைத்து அனுப்பியவையாக இருக்கும். அதே 'ரிப்ளை' பட்டன் ஒரு குழுவில் எழுதியவருக்குப் போகும், இன்னொரு குழுவில் ஊருக்கே போகும். அதை முடிவு செய்வது குழுவை அமைத்தவர், பட்டனை அழுத்துகிற அப்பாவி அல்ல.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பெஸ்தாரி ஜெயாவில் (எங்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு செம்பனை ஆலையில் பல வருடம் சார்ஜ்மேன் (மின்சாரக் கருவிகளுக்குப் பொறுப்பாளர்) வேலை பார்த்தேன். ஆலைகளில் மின்சார வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு மடலாடற்குழு இருந்தது. 2009இல் அதில் ஒரு தம்பி, எங்காவது சார்ஜ்மேன் வேலை காலியா என்று கேட்டிருந்தார். நான் உடனே 'ரிப்ளை' அழுத்தி எழுதினேன்: "இங்கே வாங்க தம்பி, நான் வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு பாய்லருக்கும் பொங்கல் பானைக்கும் வித்தியாசம் தெரியாது, பயப்படாதீங்க." அது அத்தனை உறுப்பினருக்கும் போனது. எங்கள் தலைமை அலுவலக இன்ஜினியரும் அதில் ஓர் உறுப்பினர். மறுநாள் காலை ஏழு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பாய்லர் பக்கம் வரும்போதெல்லாம், "இது பானை இல்லையே?" என்று என்னைக் கேட்காமல் போனதில்லை.

சரி, அது எப்படி ஊருக்குப் போனது? ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் 'ரிப்ளை-டு' என்று ஒரு வரி சேர்க்கலாம். பதில் எந்த முகவரிக்கு வரவேண்டும் என்று எழுதியவர் தாமே சொல்வதற்கான வரி அது. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5322 என்ற மின்னஞ்சல் விதியும் அப்படித்தான் சொல்கிறது. சில குழுக்கள் நடுவில் புகுந்து, அந்த வரியில் குழுவின் முகவரியைப் போட்டுவிடுகின்றன; அந்தத் தம்பியின் மடலிலும் அதுதான் நடந்தது. ஆலை கணினியிலிருந்து எழுதிவிட்டு, பதில் வீட்டு முகவரிக்கு வரட்டும் என்று என் மடல்களில் நான் போட்டு வைத்திருந்த வரியும் அப்படித்தான் அழிந்தது.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டில் (தோட்டத்து ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) கிராணி, அதாவது குமாஸ்தா, எந்த நிரையில் யார், எங்கே மருந்து அடிப்பது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வார். முன்பணம் கேட்டவனுக்குப் பதில் ஆபீஸ் சன்னலில்தான். சன்னலில் கேட்ட கேள்விக்குப் பெரட்டில் பதில் சொன்னால் அந்த ஆள் என்ன ஆவான்?

ஆனால் மறுபக்கமும் எனக்குத் தெரியும். 2006இல் வேறொரு குழுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். எங்கள் ஆலையில் பிரஸ் மோட்டார் ஓடத் தொடங்கினாலே, ஸ்டெரிலைசரை (பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் கலன்) இயக்கும் பிஎல்சி என்ற சிறு கணினியும் கட்டுப்பாட்டு அறைத் திரையும் பேசிக்கொள்வது நின்றுவிடும். அந்தக் குழுவில் 'ரிப்ளை' அழுத்தினால், கேள்வி எழுதியவருக்கு மட்டும்தான் போகும். இந்தியாவிலிருந்து ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார்: அவை பேசிக்கொள்ளும் ஆர்எஸ்-485 வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், வயரைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். செய்தேன், சரியாகிவிட்டது. நன்றியும் அவருக்குத் தனியாகவே சொன்னேன். பத்து வருடம் கழித்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, வேறு ஆலையில் இருக்கும் ஒரு பையன் அதே பிரச்சினையைச் சொன்னான். ஷீல்டு வரைக்கும் ஞாபகம் வந்தது, ரெசிஸ்டர் எத்தனை ஓம் என்பது வரவில்லை. ஆபீஸ் மின்னஞ்சலை மூடிவிட்டார்கள். குழுவின் பழைய மடல்களில் தேடினேன். என் கேள்வி மட்டும் கோயில் வாசலில் விட்ட ஒற்றைச் செருப்பு மாதிரி கிடந்தது. கீழே ஒரு பதிலும் இல்லை.

பதில் எல்லாம் குழுவுக்கே போகட்டும் என்கிறவர்கள் சொல்வது இதைத்தான். அதில் நியாயம் இருக்கிறது. 'திஸ்கி' என்ற தமிழ் எழுத்துக் குறியீடே 1990களின் கடைசியில் மின்னஞ்சல் குழுவில் கூடிப் பேசி உருவானதுதான். ஆளுக்கு ஆள் காதில் மட்டும் சொல்லியிருந்தால் அது உருவாகியிருக்குமா?

இருந்தாலும் நான் சன்னல் கட்சிதான், பதில் கேட்டவருக்கு மட்டும் போகட்டும் என்கிறவன். தனியாகப் போன பதிலைப் பிறகு குழுவுக்கு அனுப்பலாம், குழுவுக்குப் போனதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 விநாடி தருகிறார்கள், என் கைக்கு விஷயம் உறைக்கவே ஒரு நிமிடம் ஆகும். குழு நடத்த உதவும் 'மெயில்மேன்' மென்பொருளிலும் 'எழுதியவருக்கே பதில்' என்பதுதான் முதலிலிருந்தே தேர்வாகி இருக்கிறது. பெரும்பாலான குழுக்களுக்கு இதையே வலுவாகப் பரிந்துரைக்கிறோம் என்று அமைப்புப் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

அறிவு தொலைந்து போகாமலிருக்க சன் நிறுவனக் கணினிகளைப் பராமரித்தவர்களின் 'சன் மேனேஜர்ஸ்' என்ற பழைய குழு ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தது. பதில்கள் கேட்டவருக்குத் தனியாக வரும். பிரச்சினை தீர்ந்ததும் கேட்டவரே எல்லாவற்றையும் சுருக்கி, தலைப்பில் 'சுருக்கம்' என்று போட்டு, குழுவுக்கு ஒரே மடலாக அனுப்பவேண்டும். 2006இல் நான் செய்யத் தவறியது அது. அப்புறம் இன்னொன்று: புதுக் கேள்விக்குப் புது மடல் திறங்கள். பழைய மடலுக்குப் பதிலாகத் தொடங்கித் தலைப்பை மட்டும் மாற்றினால், உள்ளே இருக்கும் 'இன்-ரிப்ளை-டு' வரி பல மின்னஞ்சல் மென்பொருள்களில் அதைப் பழைய உரையாடலின் கீழேயே கொண்டுபோய் வைக்கும். தீபாவளி விடுமுறை பற்றிய பேச்சுக்குக் கீழே பம்ப் கேள்வியை யார் போய்ப் பார்ப்பார்கள்?

அந்த வாசகரின் 'நன்றி' மழைக்கும் மூத்த அண்ணன் உண்டு. 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே சுமார் 13,000 பேர் இருந்த ஒரு குழுவில், "என்னை எடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் எல்லாருக்கும் எழுத, "நானும்", "எல்லாருக்கும் எழுதாதீர்கள்" என்று மற்றவர்களும் எல்லாருக்கும் எழுத, சுமார் ஒன்றரைக் கோடி மடல்கள் சேர்ந்து அங்கே மின்னஞ்சலே ஸ்தம்பித்தது. கணினியிலேயே வாழ்கிறவர்கள் கதை இது.

இப்போது எங்கள் ஊர்ப் பையன்கள் சார்ஜ்மேன் தேர்வுக்குப் படிக்க ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கியிருக்கிறார்கள். நடத்துகிற பையன் பதிலைக் குழு முழுவதற்கும் வைத்திருந்தான். சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்து என் 2009 கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்து அங்கேயே மாற்றினான். அன்று இரவு சோதனைக்காகக் குழுவுக்கு ஒரு மடல் போட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது, எனக்கு மட்டும்: "அங்கிள், அந்த மேனேஜர் பேர் என்ன?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்ஜ்மேன்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.