சக்கரத்துக்குக் கம்பி கோப்பது குறித்து நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் அன்று. சக்கரத்துக்குக் கம்பி கோப்பது எப்படி என்று நீ கேட்டிருந்த கேள்விக்கான விடை என் பட்டறை மேசையின்மேல் பாதி கோத்த நிலையில் கிடந்தது. அதை முடித்துவிட்டே எழுதலாம் என்று இருந்தேன். நேற்று மாலை என் பின்சக்கரம் ஒருவழியாக நேராகிவிட்டது.

உன் பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் வேலை முடிந்து, முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது என்று நீ எழுதியதைப் படித்தபோது பக்கத்தில் இருந்து கேட்டதுபோல மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த வரியில், பின்சக்கரத்தின் துருப்பிடித்த கம்பிகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டதாகவும் முன்சக்கரத்துக்கும் விரைவில் அதே கதிதான் என்றும் எழுதியிருந்தாயே, அங்கே எனக்குப் பகீர் என்றது. முன்சக்கரத்தை இன்னும் தொடவில்லை என்றால், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை தொடாதே.

பழைய வண்டியின் சக்கரத்தில் மிக முக்கியமான அளவு எந்தப் பாகத்திலும் பொறிக்கப்பட்டிருக்காது. ஹப் என்னும் நடுக்குடத்துக்கும் ரிம் என்னும் வெளி வளையத்துக்கும் இடையிலுள்ள பக்கவாட்டு விலகல், அதாவது ஆஃப்செட், பழைய கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும் வரைதான் உயிரோடு இருக்கிறது. கம்பியை வெட்டிய கணத்தில் அது காணாமல் போய்விடுகிறது. ஒருபுறம் மட்டும் பிரேக் டிரம் உள்ள ஹப்புகளில் ரிம் ஹப்பின் நடுவில் நிற்பதில்லை என்பதால், கண்ணால் பார்த்து நடுவில் நிறுத்திவிடலாம் என்று எண்ணுவது வீண். முன்சக்கரத்தின் டிரம் விளிம்பின்மேல் ஒரு நேரான இரும்புப் பட்டையைக் கிடத்து. அது ரிம்முக்கு மேலாக நீண்டு நிற்கும் இடத்தில், பட்டைக்கும் ரிம்மின் ஓரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள். பழைய ரிம் எங்காவது வளைந்திருக்கும் என்பதால் நான்கு இடங்களில் அளந்து சராசரி எடு. அதற்கு முன்பாக, சக்கரம் ஃபோர்க்கில், அதாவது அதைப் பிடித்திருக்கும் முன் கவையில், மாட்டியிருக்கும்போதே அது நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிடு. உனக்கு முன்பு யாரோ ஒருவர் தவறாகக் கோத்திருந்தால், அந்தத் தவற்றையே நீ பயபக்தியோடு நகல் எடுத்துவிடக் கூடாது. இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள். வால்வு துளைக்கு அருகில் உள்ள நான்கு கம்பிகள் ஹப்பின் எந்தத் துளையிலிருந்து வருகின்றன, எது எதன்மேல் குறுக்கே போகிறது என்பது அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பிரிக்கும்போதும் ஒரு புறமாகவே வெட்டிக்கொண்டு போகாதே. கம்பி நுனிகளை ரிம்மில் பிடித்திருக்கும் சிறு திருகுகளான நிப்பிள்களில் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. அசையாதவற்றை மட்டும் கடைசியில் வெட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு. விறைப்பாக இருக்கும் கம்பி அறுபடும்போது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

பின்சக்கரத்தைப் பொறுத்தவரை போனது போனதுதான், ஆனால் அளவை மீட்க வழி இருக்கிறது. புதிய பேரிங்குகளையும் இடைவெளிக் குழாய்களையும் போட்டு, ஹப்பை ஆக்ஸிலோடு சட்டத்தில் மாட்டு. சங்கிலிப் பற்சக்கரங்கள் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கட்டும். பிறகு தளர்வாகக் கோத்த ரிம்மை அதில் தொங்கவிட்டு, முன்சக்கரத்திலிருந்து பின்னுக்கு இருபுறமும் நூல் பிடித்துப் பார். முன் ரிம்மும் பின் ரிம்மும் வெவ்வேறு அகலம் என்றால் இரு பக்கமும் அந்த வித்தியாசத்தில் சரிபாதி வர வேண்டும். அப்படிக் கிடைத்த நிலையில் டிரம் விளிம்பிலிருந்து அளவெடுத்து, அதைச் சுவரிலேயே எழுதி வை. நான் காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதத்தாலேயே கை துடைத்தவன்.

கம்பி வாங்குவதில் நீ கேட்ட சந்தேகத்துக்கு வருகிறேன். கம்பியின் நீளம் தலையிலிருந்து அளக்கப்படுவதில்லை. வளைவின் உட்புறத்திலிருந்து, திருகு வெட்டான மரையின் நுனி வரை அளப்பதே வழக்கம். தடிமனை எண்ணில் சொல்வார்கள்: 8ஆம் எண் ஏறத்தாழ 4.06 மி.மீ., 9ஆம் எண் 3.66 மி.மீ., 10ஆம் எண் 3.25 மி.மீ. எண் கூடினால் தடிமன் குறையும் என்பதை மறந்து தவறான கம்பிகளை வாங்கி வந்தவர்கள் உண்டு. ஹப்பின் விளிம்புக்கு உட்புறமாக ஓடும் கம்பிக்கும் வெளிப்புறமாக ஓடும் கம்பிக்கும் வளைவின் கோணம் வேறு, நீளமும் சற்று வேறு. கம்பிக் கட்டைப் பிரித்ததும் அவற்றைத் தனித்தனியாக வை. பழைய கம்பிகளையே மெருகேற்றிக் குரோம் பூசிப் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, வலுவான எஃகை நொறுங்கும் தன்மை உடையதாக்கிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுவதானால் நிப்பிளும் அதே எஃகாக வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பாதியில் இறுகிவிடும். நிக்கல் பூசிய பித்தளை நிப்பிள் அந்தத் தொல்லையைத் தருவதில்லை.

உன் வண்டியில் 40 துளைகள் என்றால், பக்கத்துக்கு இருபது கம்பிகள், அவற்றில் பத்து உட்கம்பி, பத்து வெளிக்கம்பி. முதலில் உட்கம்பிகளைக் கோத்துவிட வேண்டும். வெளிக்கம்பிகள் முன்னால் வந்துவிட்டால் உட்கம்பியை நுழைக்கவே இடமிருக்காது. ரிம்மில் ஒவ்வொரு துளையும் குழித்து, ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்பதை அந்தச் சாய்வே சொல்லிவிடும். துளை சொல்லும் திசைக்கு எதிராகக் கம்பி வளைந்து நின்றால், நீ ஒரு துளை தள்ளிக் கோத்திருக்கிறாய், அல்லது அந்த ரிம் வேறொரு ஹப்புக்காகத் துளையிட்டது. பின்னல் நான்கு துளைக்கு ஒருமுறை திரும்ப வருவதால், முதல் நான்கும் சரி என்றால் மீதி முப்பத்தாறும் தானாக அமைந்துவிடும். நான் முதல் நான்குக்கு ஒரு மணி நேரமும் மற்றவற்றுக்கு அரை மணி நேரமும் எடுத்துக்கொள்கிறேன்.

கம்பிகள் ஏன் நேரே ஓடாமல் இப்படிச் சாய்ந்து ஓடுகின்றன என்று உன் மகள் கேட்டதாக எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. சங்கிலி இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஹப் ரிம்முக்குள்ளேயே திருகிக்கொள்ளப் பார்க்கிறது. நேர்க்கம்பிகளால் அதைத் தடுக்க முடியாது. சாய்ந்த கம்பிகள் ஒரு பாதி முன்னும் ஒரு பாதி பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்ற முறை இது. மாட்டு வண்டிச் சக்கரத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் அவளுக்கு இன்னும் விளங்கும். அங்கே ஆர்க்கால் தூணைப்போல ஊன்றி நின்று குடத்தைத் தாங்குகிறது. இங்கே ஒரு கம்பியைத் தரையில் நிறுத்தி அழுத்தினால் வளைந்து போகும். எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் உள்நோக்கி இழுத்துக்கொண்டிருப்பதால்தான் சக்கரம் நிற்கிறது. பாரம் ஏறும்போது கீழே வரும் கம்பியின் விறைப்பு சற்றுக் குறைகிறது, மேலே போனதும் மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பிக்கும் இதே பாடு.

நான் பட்டது இந்த இடத்தில்தான். நான் தனியாகக் கோத்த முதல் சக்கரத்துக்கு, அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவியான டயல் கேஜ் வைத்துக் கோட்டம் எடுத்தேன். முள் 0.2 மி.மீ.க்குமேல் அசையவில்லை. அவ்வளவு பெருமையாக இருந்தது. ஆனால் அந்த நேர்மையை எப்படி வாங்கினேன் தெரியுமா? வளைந்த ரிம்மைக் கம்பியாலேயே நிமிர்த்தி, ஓரிடத்தில் நான்கு கம்பிகளை வீணைத் தந்திபோல இறுக்கி, எதிரே இருந்த நான்கைப் பெயருக்கு விட்டுவைத்தேன். 400 கி.மீ. ஓடுவதற்குள் மூன்று கம்பிகள் தலையருகே வளைவில் ஒடிந்தன. இறுக்கிய கம்பிகள்தான் ஒடிந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், ஒடிந்தவை மூன்றும் தளர்ந்தவை. விறைப்பு இல்லாத கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுவதும் தொய்ந்து மறுபடி வெடுக்கென்று இழுபடுகிறது. வளைந்து வளைந்து நிமிரும் இரும்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? அன்றிலிருந்து டயல் முள்ளைவிடக் கம்பியின் ஓசையை நம்புகிறேன்.

ஆகையால் உனக்கு நான் சொல்லும் முறை இது. நிப்பிள்களின் மரையில் ஒரு சொட்டுக் கிரீஸ் தொட்டு, எல்லாவற்றையும் கம்பியின் மரை மறையும் அளவுக்கு மட்டும் ஏற்று. அந்த நிலையில் எல்லாக் கம்பிகளும் ஒரே அளவு தளர்வாக இருக்க வேண்டும். பிறகு வால்வு துளையில் தொடங்கி, ஒரு சுற்றுக்கு ஒரு திருகு, அடுத்த சுற்றுக்கு அரைத் திருகு என்று ஏற்றிக்கொண்டு வா. இடையில் தொலைபேசி மணி அடித்தால் எடுக்காதே. எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடி தளர்த்த வேண்டி வரும். திசையிலும் கவனம் வேண்டும். டயர் பக்கத்திலிருந்து திருப்புளியால் திருகும்போது கடிகாரத் திசையில் போனால் இறுகும். அதே நிப்பிளை ஹப் பக்கத்திலிருந்து பார்த்து நிப்பிள் சாவியால் பிடித்தால் எதிர்த் திசையாகத் தெரியும். சக்கரத்தின் மேற்புறத்தில் ஒரு மாதிரியும் கீழ்ப்புறத்தில் ஒரு மாதிரியும் கை குழம்பும். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என் கை குழம்புகிறது.

விறைப்பு பாதிக்கு வந்ததும் முதலில் ஏற்ற இறக்கத்தைப் பார், பக்கக் கோட்டத்தை அப்புறம் பார்க்கலாம். ரிம் மேலே எழும்பும் இடத்தில் இரு பக்கக் கம்பிகளையும் சமமாக இறுக்கு. அமுங்கும் இடத்தில் சமமாகத் தளர்த்து. பக்கக் கோட்டம் என்றால், ரிம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கக் கம்பிகளைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை அதே அளவு இறுக்கு. நடுவில் கால் திருகு என்றால் ஓரத்தில் அதில் பாதி என்று நாலைந்து கம்பிகளுக்குப் பரப்பிச் செய். தளர்த்தாமல் இறுக்கிக்கொண்டே போனால் ஏற்ற இறக்கம் மறுபடி தலைகாட்டும். டயல் கேஜ் இல்லை என்று கவலைப்படாதே. ஃபோர்க்கில் கட்டிய ஒரு துண்டுக் கம்பி ரிம்மை உரசும் சத்தமே போதும். ஆனால் இடையிடையே ஆஃப்செட்டை மறக்காமல் அளந்துகொண்டே இரு. கோட்டமே இல்லாத சக்கரம் 5 மி.மீ. தள்ளி நின்றால் பயன் என்ன?

எதுவரை போவது? தேய்ந்த சக்கரத்துக்கே பல தொழிற்சாலைக் கையேடுகள் 2 மி.மீ. வரை இடம் கொடுக்கின்றன. புதிதாகக் கோத்தது 1 மி.மீ.க்குள் வந்தால் நான் சாவியைக் கீழே வைத்துவிடுகிறேன். இரும்பு ரிம்மில் பற்றவைத்த மூட்டுக்கு அருகே ஒரு சிறு மேடு இருக்கும். அதை முள் காட்டும், காட்டட்டும். அதற்காக இரண்டு கம்பிகளைத் தளர்த்துவதைவிட அந்த மேட்டோடு ஓட்டுவது மேல். கடைசியில் சாவியின் பிடியால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேள். உட்கம்பியும் வெளிக்கம்பியும் ஒரே சுரத்தில் ஒலிக்காது, டிரம் பக்கமும் மறுபக்கமும் வேறுபடும். ஆனால் ஒரே வகைக் கம்பிகள் தமக்குள் ஒத்து ஒலிக்க வேண்டும். டிங், டிங், டிங் என்று வந்துகொண்டே இருக்கும்போது நடுவில் ஒன்று டொக் என்றால், அங்கே நின்று பார்.

முடிந்தது என்று டயரை ஏற்றிவிடாதே. நிப்பிளைத் தாண்டி ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளை அரைத்து மட்டமாக்கிவிடு, இல்லாவிட்டால் டியூப்பைக் குத்தும். ரிம் பட்டையையும் புதிதாகப் போடு. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கையால் அழுத்தினால் தலைகள் ஹப்பில் நன்றாக உட்காரும். அப்போது சில கம்பிகள் கிறீச்சென்று ஒரு சத்தம் போடும், பயப்படாதே. ரிம்முக்கோ ஹப்புக்கோ பவுடர் வண்ணம் பூசக் கொடுப்பதானால், நிப்பிள் உட்காரும் குழிகளிலும் கம்பித் துளைகளிலும் அது தடிமனாகப் படியாமல் மறைத்துவிடச் சொல். போன வருடம் நான் அதைச் சொல்ல மறந்தேன். அழகாகத்தான் வந்தது, ஆனால் அழுத்தத்தில் அந்த வண்ணம் நசுங்க நசுங்க, முப்பதே கிலோமீட்டரில் கம்பிகள் எல்லாம் தளர்ந்துவிட்டன. எப்படிக் கோத்திருந்தாலும் முதல் 100, 200 கி.மீ.க்குள் ஒருமுறை எல்லாக் கம்பிகளையும் தட்டிப் பார்த்துவிடு.

என் செய்தி வேறொன்றும் பெரிதாக இல்லை. கண் மங்கிவிட்டதால் மரை தெரிய வேண்டுமென்றால் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காது மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது, இந்த வேலைக்கு அதுவே போதும். உன் கம்பியின் எண்ணையும், முன்சக்கரத்தில் எடுத்த ஆஃப்செட் அளவையும் அடுத்த கடிதத்தில் எழுது. என்னிடம் நிப்பிள் சாவி இரண்டு இருக்கின்றன; எந்த அளவு பொருந்தும் என்று தெரிந்தால் ஒன்றை அனுப்பி வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பட்டறைத் தோழன்