சக்கர் மீன் வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கண்ணாடியில் ஒட்டியிருப்பது ‘சக்கர்’, அடித்தளத்தில் மேய்பவை ‘ஜூலி கோரி’ என்று கடையில் சொல்லிக் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். இரண்டும் கெளுத்தி வகைகள். அந்த இரண்டு பெயர்களையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கெளுத்திகளில் கடைப்பெயரை நம்பித் தொட்டி அமைத்தால், பிறகு மீனுக்குத் தொட்டி போதாமல் போகும். முதலில் மீன் எதுவென்று தெரிய வேண்டும். தொட்டி அளவு, வெப்பம், தீனி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சக்கரில் இருந்து தொடங்குவோம். அது முதுகுத் துடுப்பை விரிக்கும் நேரம் பார்த்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். துடுப்பின் முன்விளிம்பில் தடித்த முள் ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு, பின்னால் வரும் மென்கதிர்களை மட்டும் எண்ணுங்கள். பத்து அல்லது அதற்கு மேல் இருந்தால் அது டெரிகோப்ளிக்திஸ் என்ற பெரிய வகை. கடைகளில் சக்கர் என்று விற்கப்படும் குஞ்சுகளில் பெரும்பாலானவை இதுதான். விரலளவில் வாங்கியது 40 செ.மீ.யைத் தாண்டும். 180 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள தொட்டி தர முடியாவிட்டால் இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆற்றிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். கரையைக் குடைந்து முட்டையிட்டு அங்கேயே பெருகிவிடும். பல நாடுகளின் நீர்நிலைகள் இதனால் கெட்டுக் கிடக்கின்றன.

கதிர்கள் ஏழுதான் என்றால் பிரிஸ்டில்நோஸ் என்ற சிறிய வகையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் ஹைப்போஸ்டோமஸ் என்ற இன்னொரு சக்கர் வகைக்கும் ஏழுதான், ஆகவே முகத்தையும் பாருங்கள். பிரிஸ்டில்நோஸின் தலை அகன்று தட்டையாக இருக்கும். மூக்கு விளிம்பில் எலும்புத் தகடு இருக்காது, மென்மையான தோல்தான். கன்னத்தில், செவுள் மூடிக்குக் கீழே, கொக்கி போன்ற முட்கள் மடங்கிக் கிடக்கும். மிரண்டால் வெளியே விரியும். வளர்ந்த ஆணுக்கு மூக்கிலிருந்து நெற்றி வரை மீசைக் கொம்புகள் முளைக்கும். பெண்ணுக்கு விளிம்பில் மட்டும் குட்டையாகச் சில இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இது 12 முதல் 15 செ.மீ.யோடு நின்றுவிடும். 80 செ.மீ. தொட்டியில் நிம்மதியாக வாழும்.

அடுத்து கோரி. தலையைக் கிட்டத்தில் பாருங்கள். புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் ஜூலி. ஒன்றோடொன்று இணைந்து வளைந்த கோடுகளாக ஓடினால் ட்ரைலினியேட்டஸ் என்ற வேறு கோரி. உங்கள் படத்தில் இருப்பது கோடுகள்தான். ஜூலி என்ற பெயரில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் இவைதான், பராமரிப்பில் வேறுபாடு இல்லை. ஆனால் எல்லாக் கோரிகளுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. ஸ்டெர்பை என்ற கோரிக்கு 26, 27 டிகிரி செல்சியஸ் ஒத்துவரும். அதே நீரில் பாலியேட்டஸ் என்ற கோரி நாளடைவில் நலிந்துபோகும், அதற்கு 20 முதல் 24 டிகிரி வேண்டும். இன்னொன்று: 2024-இல் கோரிகள் அடங்கிய கோரிடோராஸ் பேரினம் பலவாகப் பிரிக்கப்பட்டது. வெண்கலக் கோரியை ஆஸ்டியோகாஸ்டர் ஈனியா என்று எங்காவது பார்த்தால் அது புது மீன் இல்லை.

உங்கள் கோரிகளின் மீசை குட்டையாகத் தெரிகிறது. இது எனக்குக் கவலையாக இருக்கிறது. கூரான சரளைக் கல்லில் மீசை உரசுகிறது. கற்களின் இடுக்கில் தங்கிய தீனியும் கழிவும் அழுகி, பாக்டீரியா பெருகி, மீசையை அரிக்கிறது. சரளையை எடுத்துவிட்டு மழுங்கிய மென்மணலை 3 செ.மீ. கனத்தில் போடுங்கள். கோரி மணலை வாயில் அள்ளி, தீனியை வைத்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியே வெளியேற்றும். சரளையில் அதற்கு இது முடியாது. வாரம் ஒருமுறை கால்வாசி நீரை மாற்றும்போது மணலின் மேல்பரப்பையும் குழாயால் உறிஞ்சி எடுங்கள். மீசையின் அடிப்பகுதி மிச்சமிருந்தால் மறுபடி வளரும். மூன்று கோரி போதாது, குறைந்தது ஆறு வேண்டும்.

கோரி திடீரென்று மேலே பாய்ந்து காற்றை விழுங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாகவும் அதனால் ஆக்சிஜன் எடுக்க முடியும். ஆனால் கூட்டம் முழுவதும் ஓயாமல் மேலே ஓடினால் நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் உடனே சோதியுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

‘தொட்டியைச் சுத்தம் பண்ணும், தனித் தீனி தேவையில்லை’ என்று சொல்லியிருப்பார்கள். எந்தக் கெளுத்தியும் மீன் கழிவைத் தின்று வாழாது. பாசியை மட்டும் நம்பி விடப்பட்ட சக்கர் மெல்லப் பட்டினியில் சாகும். அது கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள்: உள்வாங்கியிருந்தால் பசி. விளக்கை அணைத்தபின் மூழ்கும் மாத்திரைத் தீனி போடுங்கள். வெள்ளரித் துண்டு ஒன்றை இரவில் வைத்துக் காலையில் எடுத்துவிடலாம். பிரிஸ்டில்நோஸ் என்றால் சுரண்டித் தின்ன டிரிஃப்ட்வுட் (தொட்டிக்கென விற்கப்படும் மரக்கட்டை) ஒரு துண்டு போட்டு வையுங்கள்.

மருந்து ஊற்ற நேர்ந்தால் பாதி அளவில் தொடங்குங்கள். தாமிரம், மாலகைட் கிரீன், ஃபார்மலின் போன்றவற்றைக் கெளுத்திகள் பல தாங்குவதில்லை. ஃபில்டரில் கார்பன் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அது இழுத்துக்கொள்ளும்.

இடம் மாற்றும்போது வலை வேண்டாம், டப்பாவில் ஓட்டிப் பிடியுங்கள். மார்புத் துடுப்பின் முள் விறைத்து வலைக் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டினால் இழுக்காதீர்கள். வலையோடு மீனை நீருக்குள் வைத்தபடியே சின்னக் கத்தரியால் கண்ணியை வெட்டி விடுங்கள்.

அன்புடன்.